சொல்லி எழுதும்போது வேகத்தையும் துல்லியத்தையும் எப்படி அளப்பது?

கேள்வி

வணக்கம். விரல் மூட்டுகளில் வலி தொடங்கிய பிறகு, கடந்த நான்கு மாதங்களாகக் கட்டுரைகளையும் கடிதங்களையும் பேச்சுணரி மென்பொருளிடம் வாயால் சொல்லியே எழுதி வருகிறேன். விரல்களுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. ஆனால் வேலை முன்பைவிட விரைவாக முடிகிறதா என்றால், இல்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த எண்ணம் சரியா என்று அறிவதற்காக அளந்து பார்த்தேன். அளந்ததில் குழப்பம்தான் கூடியது.

300 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அச்சில் பார்த்து உரக்கப் படித்தேன். 2 நிமிடம் 30 நொடியில் முடிந்தது. அதாவது நிமிடத்துக்கு 120 சொற்கள். தமிழ்99 விசைப்பலகையில் என்னால் நிமிடத்துக்கு 35 சொற்களுக்கு மேல் அடிக்க இயலாது. இந்தக் கணக்கை நம்பினால் நான் மும்மடங்குக்கும் மேலான வேகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறகு ஏன் மேசையை விட்டு எழுவதற்குப் பழைய நேரமே ஆகிறது?

துல்லியத்தைப் பொறுத்தவரை, திரையில் வந்ததை அச்சுடன் ஒப்பிட்டுக் கையால் எண்ணியதில் 27 சொற்கள் பிழையாக இருந்தன. எனவே 91 விழுக்காடு சரி என்று குறித்துக்கொண்டேன். அதே பத்தியை ஒரு வாரம் நாள்தோறும் படித்துவந்ததில் ஏழாம் நாள் 96 விழுக்காடு வந்தது. மென்பொருள் என் குரலுக்குப் பழகிவிட்டது என்று மகிழ்ந்து மறுநாள் ஒரு கடிதத்தைச் சொன்னேன். பழைய பிழைகள் அனைத்தும் வரிசையாக வந்து நின்றன. போதாக்குறைக்கு, சொற்பிழை விகிதத்தைக் கணக்கிடும் ஒரு சிறு நிரலில் முதல் நாள் உரையைக் கொடுத்தபோது, பிழை 31 விழுக்காடு என்றது. நான் எண்ணிய ஒன்பது எங்கே, அது சொல்லும் முப்பத்தொன்று எங்கே?

வேகத்தை எதை வைத்து அளப்பது, பிழையை எப்படி எண்ணுவது, எந்த வேகத்தில் பேசினால் நல்லது ஆகிய மூன்றையும் சோதித்து அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். உங்கள் சலிப்பு சொல்வதுதான் சரி; கடிகாரத்தைத்தான் மிக முன்னதாக நிறுத்திவிட்டீர்கள். 120 என்பது நீங்கள் பேசிய வேகம், எழுதிய வேகமன்று. பேசத் தொடங்கும்போது ஓடவிட்ட கடிகாரத்தை, கடைசிப் பிழையையும் திருத்திவிட்டு, இனி இதை அனுப்பலாம் என்று நிமிரும்போதுதான் நிறுத்த வேண்டும்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். ஒரு பிழையைக் கண்டுபிடித்து, சுட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், திருத்தி, மறுபடியும் வாசிப்பைத் தொடர 12 நொடி ஆகிறது என்று கொள்வோம். மூட்டுவலி உள்ளவருக்கு இது குறைத்துப் போட்ட மதிப்பாகவே இருக்கும். 27 பிழைகளுக்கு 324 நொடி. பேசிய 150 நொடியையும் சேர்த்தால் 474 நொடி, அதாவது 7 நிமிடம் 54 நொடி. 300 சொற்களை இதனால் வகுத்தால் நிமிடத்துக்கு 38 சொற்கள். விசைப்பலகையில் 35, வாயால் 38. மேசையை விட்டு எழ ஏன் பழைய நேரமே ஆகிறது என்பதற்கு விடை இதுதான்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தொடர்ச்சியாகப் பேசுவதை எழுத்தாக்கும் மென்பொருள்கள் 1997-இல் சந்தைக்கு வந்தன. டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங், ஐபிஎம் வயாவாய்ஸ் இரண்டும் அவ்வாண்டில்தான் வெளிவந்தன. அதற்கு முந்தைய டிராகன் டிக்டேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். புதியவை வந்த இரண்டே ஆண்டில், 1999-இல், ஐபிஎம் ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திருத்தும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, கண்முன் உள்ள உரையைப் படித்து உள்ளிடுவதில் குரல் வழியே நிமிடத்துக்கு 13.6 சொற்களும் விசைப்பலகை வழியே 32.5 சொற்களும் வந்தன. மென்பொருள்கள் அதன்பின் எவ்வளவோ முன்னேறிவிட்டன. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் பைடு நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த சோதனையில், திறன்பேசியில் ஆங்கிலத்தைச் சொல்லி உள்ளிடுவது திரையில் தட்டுவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக இருந்தது. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது சிறிய தொடுதிரை விசைப்பலகை, சொல்லப்பட்டவை கொடுத்து வைத்த சிறு வாக்கியங்கள். அந்த மூன்று மடங்கை நீண்ட கட்டுரை எழுதுபவர் தமக்கு உரியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனிப் பேசும் வேகம். நிமிடத்துக்கு 120 சொற்களில் பேசினால் ஒரு சொல்லுக்கு 0.5 நொடி, 100 சொற்களில் பேசினால் 0.6 நொடி. அவசரப்பட்டதால் சொல்லுக்குக் கிடைக்கும் மிச்சம் பத்தில் ஒரு பங்கு நொடி மட்டுமே. பிழை ஒரு விழுக்காடு கூடினாலோ, திருத்தத்துக்குச் சொல்லுக்கு 0.12 நொடி கூடுகிறது; மிச்சம் முழுவதும் போய் மேற்கொண்டு கடனும் ஏறிவிடுகிறது. நீங்கள் 100-க்கு இறங்கி, பிழை 9-இலிருந்து 4 விழுக்காட்டுக்குக் குறைந்தால், 300 சொற்களுக்குப் பேச 180 நொடியும் திருத்த 144 நொடியும் ஆகும். முடிவு நிமிடத்துக்கு 55 சொற்களைத் தாண்டும். மெதுவாகப் பேசி விரைவாக முடிப்பது என்பது இங்கே வெறும் கூட்டல் கணக்கு.

மெதுவாக என்றால் சொல் சொல்லாக உடைத்துப் பேசுவதன்று. இன்றைய மென்பொருள்கள் அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்தே ஒரு சொல்லைத் தீர்மானிக்கின்றன. உடைத்துப் பேசினால் அந்தத் துணையை நாமே பறித்துவிடுகிறோம். செய்தி வாசிப்பவரைப் போலத் தொடர் தொடராகப் பேசி, தொடர் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். 90, 100, 110, 120 என நான்கு வேகங்களிலும் வெவ்வேறு பத்திகளைச் சொல்லி, திருத்தி முடிக்கும் வரையிலான நேரத்தைக் குறித்தால், உங்களுக்கு உகந்த வேகம் தானே தெரியும்.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் வேகத்தைப் பற்றி எழுதப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். அந்த 31 விழுக்காட்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் தமிழில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

சொற்பிழை விகிதம் என்பது, மாறி வந்த சொற்கள், விடுபட்ட சொற்கள், மிகையாக நுழைந்த சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, மூல உரையின் சொற்களால் வகுத்துக் கிடைப்பது. எந்தச் சொல்லுக்கு எதிரே எந்தச் சொல்லை நிறுத்தினால் திருத்தங்கள் மிகக் குறைவாகும் என்பதை, கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த தொலைவுக் கணக்கைக் கொண்டு நிரல் கண்டுபிடிக்கிறது. மிகைச் சொற்களும் கூட்டப்படுவதால் விகிதம் நூறையும் தாண்டக்கூடும். நாம் வாய்மூடி இருக்கும்போது சொல்லாத வாக்கியங்களைத் தாமாக எழுதும் பழக்கம் சில மென்பொருள்களுக்கு உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் நூறிலிருந்து கழித்துத் துல்லியம் என்று சொல்வது பொருளற்றதாகிவிடும்.

இந்தக் கணக்கு சொல்லையே அலகாகக் கொண்டது; நம் மொழியிலோ எது ஒரு சொல் என்பதிலேயே எழுதுபவருக்கு எழுதுபவர் வேறுபாடு உண்டு. உங்கள் அச்சில் 'செய்துகொண்டிருக்கிறார்' என்று சேர்ந்திருந்து, மென்பொருள் 'செய்து கொண்டிருக்கிறார்' என்று பிரித்தால், நீங்கள் அதைப் பிழையாகவே எண்ணியிருக்க மாட்டீர்கள். நிரலோ ஒன்று மாறியது, ஒன்று மிகையானது என்று இரண்டு பிழைகள் போடும். 'அதைச் சொன்னார்' என்பதில் ஒற்று விடுபட்டால் அது ஒரு பிழை. அச்சில் எண்ணால் இருந்த ஆண்டு திரையில் எழுத்தால் விரிந்தால் மூன்று நான்கு பிழைகள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்ற 15 எழுத்துச் சொல்லின் இறுதியில் ஒரு மகர ஒற்று கூடினால், ஆங்கிலக் கணக்கில் ஒரு சிற்றிடைச்சொல் தவறியதற்கு இணையான அந்தப் பிழைக்காக முழுச் சொல்லும் தவறு என்றாகும்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். எகரக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு. இரு உரைகளையும் முதலில் என்.எப்.சி. என்னும் இயல்பாக்கத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறியீட்டு வடிவில் வைக்கும் மாற்றத்துக்கு, உட்படுத்தினால் இது தீரும். ஆனால் 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்ற ஈரெழுத்துகளை அடித்து வைத்திருந்தால் இயல்பாக்கமும் உதவாது. தேடித்தான் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, இயல்பாக்கம் என்ற பெயரிலேயே நடக்கும் சேதம். 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சுணரி மென்பொருளுடன், ஒப்பிடும் முன் உரையைச் சீராக்குவதற்காக வரும் பொதுவான இயல்பாக்கி, நிறுத்தற்குறிகளையும் சின்னங்களையும் களையும்போது, யூனிகோடு 'குறி' என்று வகைப்படுத்தியுள்ள எல்லாவற்றையும் சேர்த்தே களைந்து, அவ்விடத்தில் வெற்றிடம் வைக்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகையில்தான் அடங்குகின்றன. 'தமிழ்' என்ற சொல் அதன் கையில் 'தம ழ' ஆகிவிடும். அதன்பின் வரும் எண் கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தமிழோடு தொடர்பில்லை. உங்கள் நிரல் இதைத்தான் செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆகவே சொற்பிழை விகிதத்தோடு எழுத்தளவிலான பிழை விகிதத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. அங்கும் எழுத்து என்பதை நாம் எண்ணுவதுபோல் எண்ண வேண்டும்: 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடுகள். வேகத்தையும் நிமிடத்துக்கு இத்தனை எழுத்துகள் என்று குறித்தால், நீண்ட சொற்கள் நிறைந்த பத்தியையும் குறுஞ்சொற்கள் நிறைந்த பத்தியையும் ஒப்பிட முடியும். ஆங்கிலத் தட்டச்சில் ஐந்து எழுத்திடங்களை ஒரு சொல்லாகக் கொள்வது மரபு. அங்கே கிடைத்த எண்ணையும் உங்கள் 35-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருந்த வேண்டாம்.

கையால் எண்ணுவதே உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாக எண்ணுங்கள். ஆனால் பிரித்தெழுதியதும் ஒற்று விடுபட்டதும் பிழையா இல்லையா என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது தீர்மானித்தால், மென்பொருளின் மீது அன்று நமக்குள்ள மனநிலைதான் விடையாக வரும்.

மறுமொழி 3

சுருக்கமாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒரே பத்தியை ஏழு நாள் படித்ததில் பழகியது நீங்கள்தான். எந்த இடத்தில் மென்பொருள் தடுமாறும் என்று அறிந்து, அங்கே நாக்கைக் கூர்மையாக்கியிருப்பீர்கள். பழைய டிராகன் போன்றவற்றில் தொடக்கத்தில் ஓர் உரையைப் படித்துக் காட்டி நம் குரலுக்கு அதைப் பழக்கும் ஏற்பாடு இருந்தது. எல்லாருடைய குரலுக்கும் பொதுவான ஒரே அமைப்பைப் பயன்படுத்தும் மென்பொருளில் அப்படிப் பழக்கம் ஏற்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு சொல்லிப் பார்க்காத உரையை எடுங்கள்.

உரையின் அளவும் போதாது. 100 சொற்களில் 5 பிழை வந்தால், உண்மையான விகிதம் 2 முதல் 11 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் விடை. 1000 சொற்களில் 50 வந்தால் அந்த இடைவெளி ஏறத்தாழ 4 முதல் 6.5 வரை சுருங்கும். ஒலிவாங்கியை மாற்றியதும் ஒரு பத்தியைச் சொல்லிப் பார்த்து, இரண்டு விழுக்காடு மேம்பட்டது என்று முடிவுகட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இரு மென்பொருள்களை ஒப்பிடுவதானால் ஒருமுறை நல்ல ஒலிவாங்கியில் பதிவு செய்து, அதே கோப்பை இரண்டுக்கும் கணினிக்குள்ளாகவே கொடுங்கள். ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு மறுபடியும் ஒலிவாங்கியால் பிடித்தால் அறையின் எதிரொலியைத்தான் சோதித்தவர் ஆவீர்கள். உங்கள் சொந்த வேகத்தை அறிவதற்கு மட்டும் பதிவு உதவாது, ஏனெனில் திரையில் பிழை தோன்றியதும் நம் பேச்சே மாறிவிடுகிறது. அந்தத் தடுமாற்றமும் அளவில் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. விசைப்பலகையில் விரல் தவறினால் இல்லாத சொல் ஒன்று உருவாகி, கண்ணை உறுத்தும். பேச்சுணரி தவறினால் அகராதியில் உள்ள சொல்லே பெரும்பாலும் வேறிடத்தில் வந்து உட்காரும். எழுத்துப்பிழை திருத்தி அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும். எனவே திருத்தி முடித்த உரையை மறுநாள் அச்சுடன் ஒப்பிட்டு, எத்தனை பிழைகள் தப்பிப் பிழைத்தன என்பதையும் எண்ணுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, நீங்கள் சொன்னபடி மீண்டும் அளந்தேன்.

முதலில் நிரல். அது உயிர்மெய்க் குறிகளை உண்மையாகவே தின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தி, இரு உரைகளையும் இயல்பாக்கி, சேர்த்தெழுதுவதை ஒரே முறைக்குக் கொண்டுவந்த பிறகு 31 விழுக்காடு 10-ஆக இறங்கியது. அதாவது 30 பிழைகள். நான் எண்ணியது 27. நிரலைக் குறை சொல்ல வந்தவன் நான், மீதி மூன்றும் என் கண்ணில் படாதவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு முன்பு படித்திராத ஐந்து பத்திகளை, மொத்தம் 1000 சொற்களை, ஐந்து நாள்களில் சொன்னேன். பேச 10 நிமிடம் 12 நொடி, அதாவது நிமிடத்துக்கு 98 சொற்கள். 47 பிழைகளைத் திருத்த 9 நிமிடம் 24 நொடி. எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு 51 சொற்கள். பேச்சில் நிமிடத்துக்கு 22 சொற்களை விட்டுக்கொடுத்து, முடிவில் 13 சொற்களைப் பெற்றிருக்கிறேன்.

மறுநாள் ஒப்பிட்டபோது மேலும் 6 பிழைகள் தப்பியிருந்தன. ஆகவே உண்மையான பிழை 5.3 விழுக்காடு. அவற்றில் ஒன்று மறக்க முடியாதது. 'மருந்துக்குப் பின் வலி தெரியவில்லை' என்று நான் சொன்னது 'மருந்துக்குப் பின் வழி தெரியவில்லை' என்று உட்கார்ந்திருந்தது. மூன்று முறை படித்தும் எனக்கு அது உறுத்தவில்லை.

ஆனால் அச்சைப் பார்க்காமல், நானே யோசித்துக் கடிதம் எழுதும்போது திருத்தம் உட்பட நிமிடத்துக்கு 21 சொற்கள்தான் வருகின்றன, விசைப்பலகையில் 17. இந்த இடைவெளி இவ்வளவு சிறியதாக இருப்பது இயல்புதானா? மேலும் 5.3 விழுக்காடு என்பது நல்ல எண்ணா?

மறுமொழி 1 எழுதியவர்

இயல்புதான். யோசித்து எழுதும்போது கடிகாரத்தின் பெரும்பகுதியை யோசனை எடுத்துக்கொள்கிறது. அதை எந்த மென்பொருளும் விரைவுபடுத்தாது. நான் முன்பு சொன்ன 1999 ஆய்விலேயே, சொந்தமாக எழுதும்போது விசைப்பலகை 32.5-இலிருந்து 19.0-க்கும் குரல் 13.6-இலிருந்து 7.8-க்கும் இறங்கின. உங்களுக்கு நேர்ந்ததும் அதே வகைச் சரிவு, இடம் மட்டும் மாறிக் குரல் மேலே இருக்கிறது.

5.3 நல்ல எண்ணா என்பதற்கு ஒப்பீடு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2016 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், சுவிட்ச்போர்டு எனப்படும் ஆங்கிலத் தொலைபேசி உரையாடல் தொகுப்பில் தொழில்முறை எழுத்தர்களே 5.9 விழுக்காடு தவறுகிறார்கள் என்றும், தங்கள் மென்பொருள் அதை எட்டிவிட்டது என்றும் அறிவித்தார்கள். அது இருவர் தொலைபேசியில் இயல்பாகப் பேசிக்கொண்டது. உங்களுடையது தெளிவாகப் படிக்கப்பட்ட எழுத்துத் தமிழ். இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. உங்கள் அடுத்த மாத எண்ணுடன்தான் இந்த மாத எண்ணை ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றை நாங்கள் யாருமே கேட்கவில்லை. நீங்கள் சொல்லி எழுதத் தொடங்கியது வேகத்துக்காக அன்று, விரல்களுக்காக. ஒரு கடிதத்தை அடிக்கும்போது எத்தனை விசைகளை அழுத்துகிறீர்கள், சொல்லித் திருத்தும்போது எத்தனை என்பதை எண்ணித் தரும் சிறு நிரல்கள் உண்டு. திருத்தத்துக்கு நீங்கள் சுட்டியையும் விசைப்பலகையையும்தான் நாடுகிறீர்கள் என்று தெரிகிறது. குரலாலேயே திருத்தினால் அழுத்தங்கள் இன்னும் குறையும், ஆனால் திருத்தச் சொன்ன கட்டளையையும் மென்பொருள் தவறாகக் கேட்டு அதையும் உரைக்குள் எழுதிவைப்பது உண்டு என்பதால் நேரம் கூடலாம். அடுத்த ஐந்து பத்திகளில் பாதியைக் கையாலும் பாதியைக் குரலாலும் திருத்திப் பார்த்து, நேரத்துக்குப் பக்கத்தில் விசை எண்ணிக்கையையும் எழுதுங்கள்.